பாக்கெட் ஃபிஷ் பர்கர்: மீன் சாப்பிட்ட கணக்கில் வருமா?

மே 6, 2024 – கேள்வி

"மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மார்க்கெட்டில் மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. பையனுக்கு எட்டு வயது, முள் என்றாலே எழுந்து ஓடுகிறான். ஃப்ரீசரில் வரும் ஃபிஷ் பர்கர் பேட்டி, அதாவது பன்னுக்குள் வைக்கிற அந்த மீன் வட்டம், அதை மட்டும் அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறான். வாரத்தில் மூன்று நாளாவது கொடுக்கிறேன். மீன் சாப்பிட்ட சத்து கிடைத்துவிடும்தானே அண்ணா? என் மாமியார் 'அது மீனே கிடையாது, மைதா உருண்டை' என்கிறார். யார் சொல்வது சரி?"

மே 6, இரவு

இரண்டு பேருமே பாதி சரி.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. மீன் முதலில் இருந்தால் சரி. அதன் பக்கத்திலேயே சதவீதம் போட்டிருக்க வேண்டும். முன்பக்கம் மீன் என்று எழுதி, மீன் படமும் போட்டு விற்கிறவர் உள்ளே எத்தனை சதவீதம் மீன் என்று சொல்லியாக வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதியில் இது இருக்கிறது. பெரும்பாலும் 50, 60 என்று ஏதோ ஒன்று இருக்கும். மீதி என்ன? கோதுமை மாவு, ரொட்டித்தூள், தண்ணீர், எண்ணெய், ஸ்டார்ச், சோயா, உப்பு, மசாலா.

இந்த வகைப் பண்டத்தில் 100 கிராமுக்கு 10 முதல் 13 கிராம் புரதம், 15 முதல் 22 கிராம் மாவுச்சத்து, 200 முதல் 280 கலோரி என்கிற அளவில்தான் பெரும்பாலும் வரும். சும்மா ஒரு துண்டு மீனை எடுத்தால் 100 கிராமில் 18, 20 கிராம் புரதம் இருக்கும், மாவுச்சத்து கிட்டத்தட்ட இருக்காது. ஆக, மைதாவும் உண்டு, மீனும் உண்டு. உங்கள் மாமியாரிடம் இப்போதே போய்ச் சொல்ல வேண்டாம், இன்னும் பாக்கி இருக்கிறது.

மே 7

எட்டு வயதுப் பையன் என்பதைக் காலையில்தான் கவனித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 23 கிராம் புரதம் போதும். 75 கிராம் பேட்டி ஒன்றில் எட்டு கிராம் வந்தாலே அதில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. புரதத்துக்காகக் கவலைப்படுகிறீர்கள் என்றால் படாதீர்கள். பருப்பு, முட்டை, பால் என்று மீதி தானாக வந்துவிடும்.

ஆனால் நாம் மீன் கொடுப்பது புரதத்துக்காக மட்டுமா? அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

மே 7, மாலை

கீழே ஒருவர் "ஃப்ரீஸ் பண்ணினாலே சத்து எல்லாம் செத்துப்போகும்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. உறைய வைப்பதால் புரதத்துக்கு ஒன்றும் ஆகாது, கொழுப்பின் தரமும் சரியான குளிரில் சில மாதம் நன்றாகவே நிற்கும். பனி உருகும்போது வடிகிற தண்ணீரோடு கொஞ்சம் பி வைட்டமின் போகும், அவ்வளவுதான். மதியம் பிடித்து, ஐஸ் போதாமல், மறுநாள் காலை வரை தட்டில் கிடக்கும் 'ஃப்ரெஷ்' மீனைவிட, பிடித்த உடனே உறைய வைத்த மீன் எத்தனையோ மேல். குளிரைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன.

மே 9

மீன் ஆலையில் வேலை பார்த்தவரா என்று கேட்டதால் சொல்கிறேன்: ஆமாம், தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில வருடம் இருந்தேன். இறால்தான் பிரதானம். ஆர்டர் வரும்போது மாவும் ரொட்டித்தூளும் பூசிய மேல்பூச்சுப் பண்டங்களும் ஓடும்.

முதலில் மீன் சதையைப் பெட்டி வடிவத் தட்டுகளில் அடைத்து, பிளேட் ஃப்ரீசரில் கட்டியாக உறைய வைப்பார்கள். அது முழு ஃபில்லட்டாக, அதாவது முள் எடுத்த முழுத் துண்டாக, இருக்கலாம், அல்லது அரைத்த சதையாக இருக்கலாம். ஃபில்லட் என்றால் கட்டியை ரம்பத்தில் அறுத்துத் துண்டு போடுவார்கள். அரைத்த சதை என்றால் சோயா, ஸ்டார்ச், உப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பாதிக் குளிரில் அச்சு இயந்திரத்தில் விடுவார்கள். வட்டம் வட்டமாக விழும். உங்கள் பர்கர் பேட்டி பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான்; மீன் துண்டு எதுவும் இயற்கையாக அவ்வளவு சரியான வட்டத்தில் இருக்காது.

அப்புறம் பெல்ட்டில் பயணம். முதலில் காய்ந்த மாவுத் தூவல், பிறகு திரைபோல் கொட்டுகிற பேட்டர் (கரைத்த மாவு), பிறகு ரொட்டித்தூள் படுக்கை. இப்படி ஏறுகிற எடைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் பிக்கப். காலையில் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் கேட்கிற முதல் கேள்வியே "பிக்கப் எவ்வளவு வருது?" என்பதுதான். பேட்டர் கொஞ்சம் கெட்டியானால் பிக்கப் ஏறும். மீன் விலையையும் மாவு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் அக்கறை எங்கே இருக்கிறது என்று புரியும். வாங்குகிறவர்கள் இதற்கு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். நாங்கள் அந்த வரம்பை ஒட்டியே போவோம்.

கடைசியில் 180 டிகிரி எண்ணெயில் ஒரு நிமிடம்கூட இல்லாத ஒரு முழுக்கு. இது மேல்பூச்சு ஒட்டி நிற்பதற்காக. நடுவில் மீன் அப்போதும் பனிக்கட்டிதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. பொன்னிறமாக இருப்பதால் வெந்தது என்று நினைத்து மைக்ரோவேவில் லேசாகச் சூடு காட்டிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். அது பச்சை மீன். உள்ளே நடுப்பகுதி ஆவி பறக்கும் வரை வேக வேண்டும்.

அந்த முழுக்கு எந்த எண்ணெயில் என்பதும் பட்டியலில் இருக்கும். நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் பாமாயில் அல்லது பாமோலின். நீங்கள் மறுபடி எண்ணெயில் பொரிக்கும்போது இரண்டாவது முழுக்கு. டிரான்ஸ் கொழுப்புப் பயம் முன்பைவிடக் குறைவு, எண்ணெய்களில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022இல் வரம்பு வந்துவிட்டது. நிறைவுற்ற கொழுப்பை மட்டும் பாருங்கள்.

மே 9, கொஞ்ச நேரம் கழித்து

பாஸ்பேட்டைச் சொல்ல விட்டுப்போயிற்று. பட்டியலில் ஐஎன்எஸ் 451, 452 என்று சேர்க்கைப் பொருள் எண்ணைப் பார்த்தால் அதுதான். மீன் சதை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போடுவது. அளவோடு போட்டால் விஷம் ஒன்றும் இல்லை, அனுமதிக்கப்பட்டதே. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் மட்டும் இதை உண்மையிலேயே கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இதில் இழப்பு பர்ஸுக்கு: மீன் விலையில் தண்ணீர்.

மே 11

இன்றைக்கு வீட்டில் ஒரு வேலை பார்த்தேன். மனைவி "இது என்ன கூத்து" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உறைந்த பேட்டி ஒன்றை எடுத்து எடை போட்டேன். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்தேன். மேல்பூச்சு ஊறி இளகியது, உள்ளே கட்டி கட்டியாகவே இருந்தது. மொட்டைக் கத்தியால் சுரண்டினேன். முதலில் ஆரஞ்சு நிறத் தூள், அடுத்து வெள்ளைப் பசை, அதற்கும் கீழே வழுவழுவென்று சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு வட்டம். துடைத்துவிட்டு மறுபடி எடை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. மீன் விரல் (ஃபிஷ் ஃபிங்கர்), மேல்பூச்சுத் துண்டு வகைகளுக்குக் கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரநிலை ஒன்று 1989 முதல் இருக்கிறது, எண் 166. ஆய்வகத்தில் மீன் அளவு பார்ப்பதும் இதே மாதிரி முக்கிச் சுரண்டித்தான்.

பிறகு அந்த வட்டத்தை வேக வைத்து விரலால் பிட்டேன். ஃபில்லட்டாக இருந்தால் இதழ் இதழாகப் பிரியும். இது ரப்பர் போல் மடங்கி, பிறகு அறுந்தது. நார் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் மீன் என்று சொல்ல மசாலா வாசனைதான் துணை.

மே 12

சுரண்டியது போக மிஞ்சியது எல்லாம் மீன் என்று நேற்று எழுதியதைப் படித்தவர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த உள்வட்டத்திலும் சோயா, ஸ்டார்ச், தண்ணீர் இருக்கிறது. பாக்கெட்டில் மீன் 52% என்றுதான் இருந்தது, என் தராசு அதைவிட அதிகம் காட்டியது. வித்தியாசம் அங்கே ஒளிந்திருக்கிறது.

இதிலிருந்து இன்னொரு விஷயம். லேபிளில் இருக்கும் புரத எண் முழுவதும் மீனுடையது அல்ல. புரதத்தை நேராக யாரும் அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். சோயாவின் நைட்ரஜனும் கோதுமையின் நைட்ரஜனும் அதே கணக்கில் சேர்ந்துவிடும். சோயாப் புரதம் தரமானதுதான், குறை சொல்லவில்லை. மீல்மேக்கர் விலையில் கிடைப்பதை மீன் விலையில் வாங்குகிறோம் என்பதுதான் என் புகைச்சல்.

பட்டியலில் சர்க்கரை ஏன் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சுரிமி கலந்திருந்தால் அது வரும். அரைத்த மீன் சதையைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ரத்தம், கொழுப்பு, வாசனை எல்லாம் போக்கி வெறும் புரதப் பசையாக்குவது சுரிமி. உறைய வைத்தால் அந்தப் பசை கெட்டுப்போகாமல் இருக்கச் சர்க்கரையும் சார்பிட்டாலும் சேர்ப்பார்கள். 1960 வாக்கில் ஜப்பானின் ஹொக்கைடோவில் கண்ட வழி. நம் மேற்குக் கரையிலும் சங்கரா வகை மீன்களை வைத்துச் சுரிமி ஆலைகள் ஓடுகின்றன. நண்டுக் குச்சி என்று விற்பதில் நண்டைத் தேடி அலுத்தவர்களுக்குச் சுரிமியைத் தெரியும்.

அலசும்போது வாசனையோடு சேர்ந்து எது போகிறது என்று யோசியுங்கள். மீன் எண்ணெயும், தண்ணீரில் கரையும் வைட்டமின்களும். அடுத்தது அதுதான்.

மே 15

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். நடுவில் சோயாவிலும் சர்க்கரையிலும் சுற்றிவிட்டேன்.

மீன் நல்லது என்று டாக்டர் சொல்லும்போது, பாட்டி சொல்லும்போது, பத்திரிகை சொல்லும்போது நம் மனதில் வருவது சாளை (சென்னையில் மத்தி), அயிலை, நெத்திலி. அதாவது எண்ணெய்ப் பசை உள்ள கடல் மீன். மூளைக்கும் இதயத்துக்கும் நல்லது என்கிற ஒமேகா 3, குறிப்பாக இபிஏ, டிஹெச்ஏ என்கிற இரண்டு கொழுப்பு வகைகளும், அந்த எண்ணெயில்தான் இருக்கின்றன. நல்ல பருவத்தில் கொழுத்த சாளை 100 கிராமில் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் சாளைக் குழம்பு வைக்கிற வீட்டில் அந்தக் கணக்கு யாரும் போடாமலேயே நேராகிவிடும்.

பர்கருக்குப் போகிற மீன் எது? வெளிநாட்டுச் சரக்கு என்றால் பெரும்பாலும் அலாஸ்கா பொல்லாக். நம் ஊர்ச் சரக்கு என்றால் பாசா அதிகம். இரண்டையும் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே வெள்ளைச் சதை, வாசனை இல்லை, கொழுப்பு இல்லை என்பதுதான். கொழுப்புள்ள மீனை அரைத்து மாதக்கணக்கில் ஃப்ரீசரில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும், கம்பெனிக்கு அது ஆகாது. பொல்லாக்கில் 100 கிராமுக்கு ஒமேகா 3 அரை கிராமுக்கும் குறைவு. பாசாவில் மிகச் சொற்பம். அதையும் பாதி மாவோடு கலந்தால் ஒரு பேட்டியில் தேறுவது நூறு மில்லிகிராமை ஒட்டி, பல சமயம் அதற்கும் கீழே.

ஆக ஃபாக்டரி சத்தைத் திருடிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நீங்கள் தேடுகிற சத்து அந்த மீனில் முதலிலேயே இல்லை. அதே பாசாவை நீங்கள் வீட்டில் குழம்பு வைத்தாலும் வராது. பாக்கெட்டா வீடா என்பதற்கு முன்னால், எந்த மீன் என்று கேட்க வேண்டும். பல பாக்கெட்டில் அந்த விவரமே சரியாக இருப்பதில்லை, 'மீன் சதை' என்று மொட்டையாக முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப்பட்டதை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவேன்.

அயோடினும் இதே கதை. கடல் வெள்ளை மீனில் நன்றாக இருக்கும், குளத்தில் வளர்த்த பாசாவில் குறைவு. பி12 மட்டும் எந்த மீனானாலும் ஓரளவு தங்கும், அலசிய சுரிமியைத் தவிர.

மே 15, இரவு

பாசா விஷம், சாக்கடையில் வளர்ப்பது என்று வாட்ஸாப் ஃபார்வர்டை இங்கே ஒட்ட வேண்டாம். ஆந்திராவில் பண்ணை பண்ணையாக வளர்க்கிறார்கள். சத்து குறைந்த மீன் என்பது வேறு, விஷம் என்பது வேறு.

மே 16

"என் பாக்கெட்டில் ஒமேகா 3 நிறைந்தது என்று போட்டிருக்கிறதே, அப்போது நீங்கள் சொல்வது?" என்று கேட்டவருக்கு: வெளிநாட்டுப் பாக்கெட் என்கிறீர்கள். ஐரோப்பிய விதிப்படி 100 கிராமிலும் 100 கலோரியிலும் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து தலா 40 மில்லிகிராம் இருந்தாலே 'ஒமேகா 3 உள்ளது' என்று போடலாம், 80 இருந்தால் 'நிறைந்தது'. நாளுக்கு 250 வேண்டும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொய் இல்லை. தாண்ட வேண்டிய கோல் தாழ்வாக இருக்கிறது.

மே 19

உப்பு. இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, உச்சம் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. நம் ஊர் லேபிளில் வரும் சதவீதமும் அதே 2000ஐ வைத்துத்தான். பேட்டியில் 100 கிராமுக்கு 450 என்று வைத்துக்கொள்வோம். 75 கிராம் பேட்டிக்கு 340 பக்கம். பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது பர்கரைக் கட்டுங்கள். பன் ஒன்றுக்கு 250, 300. சீஸ் ஸ்லைஸ் ஒன்றுக்கு இன்னொரு 250 பக்கம். மயோனைஸ் ஒரு கரண்டி, 80, 90. பக்கத்தில் கெட்ச்அப். ஆயிரத்தைத் தொட்டுவிட்டோம், பாதி நாள் உப்பு ஒரே கடியில். அதிலும் அந்த 2000 பெரியவர்களுக்கு. சாப்பிடும் அளவு குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த அளவுக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

லேபிளில் இன்னொரு சூட்சுமம். சதவீதம் ஒரு பரிமாறலுக்குத்தான் போடுவார்கள். பரிமாறல் என்பது ஒரு பேட்டி. பள்ளி விட்டு வந்த பையன் ஒன்றோடு நிறுத்துகிறானா? அதனால் சதவீதத்தைப் பார்க்காமல் 100 கிராம் எண்ணைப் பாருங்கள். கடையில் இரண்டு பாக்கெட்டை ஒப்பிடவும் அதுதான் வசதி.

மே 20

மாமியார் சார்பாக ஒருவர் ஆஜராகியிருக்கிறார், "மைதா உருண்டை என்று சொன்னதில் என்ன தப்பு?" என்று. உருண்டை என்பதுதான் தப்பு, தட்டையாக இருக்கிறது.

மே 26

பேச்சு எங்கேயோ போய்விட்டது, இருந்தாலும் சொல்கிறேன். மீன் பர்கர் சத்துக்காகப் பிறந்தது இல்லை. 1962இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ க்ரோன் என்பவருக்கு வெள்ளிக்கிழமை ஆனால் வியாபாரம் படுத்துவிடும். சுற்றிலும் கத்தோலிக்கர்கள், வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டார்கள். அதற்காக அவர் பண்ணியதுதான் ஃபிலே ஓ ஃபிஷ். முதலில் ஹாலிபட் மீன். அது கட்டுப்படியாகாமல் காட் மீன், இப்போது அங்கே பொல்லாக். மீன் பர்கரின் சரித்திரமே ஒரு மீனிலிருந்து அடுத்த மலிவான மீனுக்கு இறங்கி வந்த கதைதான்.

இங்கிலாந்தில் மீன் விரல் 1955இல் வந்தபோதும் இதே கூத்து. எண்ணெய்ச் சத்துள்ள ஹெர்ரிங்கையும், சப்பென்று இருக்கும் காட் மீனையும் வைத்துச் சோதனை விற்பனை செய்தார்கள். ஜனங்கள் காட் மீனையே எடுத்தார்கள். வாசனை இல்லாத, முள் இல்லாத, மீன் மாதிரியே இல்லாத மீன்தான் ஓடும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உங்கள் பையனைக் குறை சொல்லாதீர்கள்.

ஜூன் 2

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எனக்குப் பசி வந்துவிட்டது. அவர்கள் ஊரில் ரின் மீன் (டின் மீன்) கட்லட் இல்லாத பிறந்தநாளே கிடையாது என்கிறார். இந்தக் கேள்விக்கு அது நல்ல பதில் என்று எனக்கும் படுகிறது. டின்னில் வரும் மீன் பெரும்பாலும் மாக்கரல் அல்லது சாளை, இரண்டுமே எண்ணெய் மீன். டின்னோடு அழுத்தத்தில் வேக வைப்பதால் முள்ளும் மாவாகிவிடும், அப்படியே பிசைந்துவிடலாம். அந்த முள்ளில்தான் கால்சியம்: டின் சாளை 100 கிராமில் 380 மில்லிகிராம் பக்கம் இருக்கும். முள் எடுத்த பேட்டியில் அந்த முள்ளின் கால்சியம் கிடையாது.

டின்னிலும் உப்பு உண்டு. தண்ணீரை வடித்துவிட்டு, கட்லட்டில் தனியாக உப்புப் போடாமல் செய்யுங்கள். அக்காவின் செய்முறையில் உருளைக்கிழங்கு கொஞ்சம் தாராளம். அக்கா கோபிக்கக் கூடாது, கிழங்கு மீனைவிட அதிகமானால் நாமும் பிக்கப் பார்க்கிற சூப்பர்வைசர்தான்.

ஜூன் 8

போன வாரம் வாங்கிய ஒரு பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். கடை பெயர் வேண்டாம். பிரித்தால் உள்ளே பனித்துகள் கொட்டுகிறது, பேட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகி இருக்கின்றன, ஒரு ஓரத்தில் ரொட்டித்தூள் நனைந்து உரிந்திருக்கிறது. ராத்திரி ஃப்ரீசரை அணைத்துவிட்டுப் போனார்களோ, கரண்ட் போனதோ, ஒரு முறை உருகி மறுபடி உறைந்த சரக்கு அது. −18 டிகிரியில் ஒழுங்காக இருந்த பாக்கெட்டைக் குலுக்கினால் பேட்டிகள் தனித்தனியாகக் கலகலக்கும். நான் கடையிலேயே குலுக்கிப் பார்த்துத்தான் எடுப்பேன். அன்றைக்கு அவசரம்.

இதைச் சொல்லும்போது சாளை, அயிலை, சூரை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் உருவாகும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி வரும். பலர் மீன் அலர்ஜி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உருவாகிவிட்ட ஹிஸ்டமின் வேக வைத்தாலும் போகாது. வெள்ளை மீன் பேட்டியில் அந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை, பாதரசமும் பொல்லாக்கில் மிகக் குறைவு. பாக்கெட்டுக்குச் சேர வேண்டிய மார்க்கைக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 16

விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. ஏப்ரல் 15இல் ஆரம்பித்த 61 நாள் தடை முந்தாநாள் முடிந்தது. இனி விலை இறங்கும். சாளையைப் பொறுத்தவரை தடையிலும் நாட்டுப்படகு வழியாகக் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது.

கேட்டவர்களுக்காக என் வீட்டுப் பேட்டி. சாளையைத் தலை, குடல் எடுத்துக் கழுவி, மஞ்சள்தூளும் எலுமிச்சையும் தடவி இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை வாலிலிருந்து பிடித்துத் தூக்கினால் ஒரு சீப்பு மாதிரி முழுசாக வந்துவிடும். விலா முள் மெல்லியது, விரலால் பிசையும்போது தட்டுப்படுவதை மட்டும் எடுங்கள். குழந்தைக்கு என்றால் இந்த இடத்தில் சோம்பேறித்தனம் கூடாது. ஒரே ஒரு முள் மாட்டினால் அடுத்த வருடம் வரை மீன் பக்கமே வர மாட்டான்.

வாசனை பிடிக்காத பிள்ளைக்கு முதலில் பாதி சாளை, பாதி விளமீன் அல்லது சங்கரா. பழகப் பழகச் சாளையைக் கூட்டலாம். சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சேருங்கள். கட்டி நிற்க ஒரு சின்ன உருளைக்கிழங்கும் ஒரு முட்டையும் போதும். தட்டி, மேலே அவலைக் கரகரப்பாகப் பொடித்துப் புரட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். பார்ப்பதற்குக் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், சாளையின் நிறம் அது. வட்டமாக வரவில்லை என்று யாராவது சொன்னால் மூடியை வைத்து வெட்டுங்கள்.

பாக்கெட்டை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளி திறந்துவிட்டது, காலை ஆறரைக்கு யாரும் முள் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. என் வீட்டு ஃப்ரீசரிலும் ஒரு பாக்கெட் இருக்கிறது. வாரம் ஒரு நாள் அது, எண்ணெயில் முக்காமல் கல்லில், சீஸ் இல்லாமல், உள்ளே வெள்ளரியும் வெங்காயமும் வைத்து. அதை முட்டை, பருப்பு மாதிரி ஒரு புரத ஐட்டம் என்று கணக்கு எழுதுங்கள். மீன் கணக்கில் எழுத வேண்டாம்.

ஜூன் 17

ஏர் ஃப்ரையர் நல்லதா என்று கேட்டவருக்கு: நல்லது. உறைந்ததை அப்படியே வைக்கலாம், பாதியில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். ஏற்கெனவே ஒரு முழுக்கு எண்ணெய் குடித்திருப்பதால் தனியாகத் தடவவே வேண்டாம்.

முட்டை, பால், கோதுமை ஒவ்வாதவர்கள் பட்டியலின் கடைசி வரியை, ஒவ்வாமைக் குறிப்பை, ஒவ்வொரு முறையும் படியுங்கள். அதே பிராண்டிலேயே சேர்மானத்தை மாற்றிவிடுகிறார்கள்.

ஜூன் 23

பையன் சாளை கலந்ததை ஒன்றரை சாப்பிட்டான், மாமியார் மூன்று சாப்பிட்டார் என்று தகவல் வந்திருக்கிறது. மாமியார் மசாலா குறைவு என்றாராம். அதை அவரையே போடச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்விக்கு: தட்டிய பிறகு, பொரிப்பதற்கு முன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். எண்ணெய் மீன் என்பதால் மூன்று, நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. எடுத்து உருகியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் எது எப்போது செய்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது.